பாதி விலை என்றால் மலிவா?

சரவணையில் பூட்டிக் கிடக்கும் கல்வீட்டுக்கும் உறுதியில் ஒரு விலை எழுதியிருக்கும். கூரை இறங்கி, கிணறு உவர்த்துப்போன அந்த வீட்டை எழுதிய விலைக்கு வாங்க ஊரில் ஆளில்லை. இது தெரிந்த எங்கள் தீவார், ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பு வங்கிப் பங்கு வாங்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறார்கள். "மச்சான், பங்குக்குத் தேறிய சொத்து நூறு ரூபா, விலை நாப்பது. கண்ணை மூடிக்கொண்டு எடு!"

கண்ணை மூடினால்தான் எடுக்கலாம். வங்கியின் சொத்தில் பெரும்பகுதி பிறருக்குக் கொடுத்த கடன். வங்கியின் மொத்தச் சொத்தை நூறு ரூபா என்று வைத்தால், அதில் பங்குதாரரின் முதல் பத்து ரூபா அளவுதான். மிச்சத்தில் பெரும்பங்கு வைப்பாளரின் காசு. அந்த நூறில் ஐந்து திரும்பாவிட்டால் பங்குதாரரின் பத்தில் பாதி போய்விடும். எவ்வளவு திரும்பாது என்று முதலில் கணக்கிடுவதும் வங்கி முகாமைதான். இப்படி வந்த எண்ணைத்தான் நாங்கள் கல்லில் வெட்டியதாக நம்புகிறோம்.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அந்த ஆண்டில் கொமர்ஷல், சம்பத் போன்ற பெரிய வங்கிகளின் பங்குகளே ஏட்டுப் பெறுமதியின், அதாவது பங்குக்குத் தேறிய சொத்தின், பாதிக்கும் கீழே போயின. சந்தைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அரசின் டொலர் முறிகளும் ரூபா முறிகளும் இந்த வங்கிகளிடம் இருந்தன. திறைசேரி உண்டியலோ நூற்றுக்கு முப்பதை ஒட்டி வட்டி கொடுத்தது. பங்குதாரரின் முதலின்மேல் பதினைந்து வீதம் மட்டும் உழைக்கும் வங்கியின் நூறு ரூபா முதலுக்கு அப்போது ஐம்பது கொடுத்தால்தான் அந்த முப்பது வீதமே கட்டும். பயத்துக்குக் கழிவு இன்னும் வேறு.

"அப்ப வாங்கினவன் வென்றானே?" என்பார்கள். வென்றான்தான். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் ரூபா முறிகளை அரசு தொடாமல் விட்டது. பாரம் ஊழியர் சேமலாப நிதியின் தலையில் ஏறியது. தனியார் துறைத் தொழிலாளியின் முதுமைக் காசு அது. வங்கிப் பங்கு ஏறியதைக் கொண்டாடுபவர் எவரும் இதைச் சொல்வதில்லை. முடிவு மறுபக்கம் போயிருந்தால் அந்தத் தேறிய சொத்தே கரைந்திருக்கும். விலை சொத்தைத் தேடி ஏறியிராது.

2008 டிசம்பரில் செலான் வங்கிக்கு நடந்ததையும் நினைக்கவேண்டும். செலான் இருந்த அதே செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ நிறுவனம் விழுந்ததும், வைப்பாளர் பணத்தை எடுக்க ஓடினார்கள். மத்திய வங்கி தலையிட்டு முகாமையை இலங்கை வங்கியிடம் கொடுக்க வேண்டி வந்தது. அந்த ஓட்டத்தை எந்த ஏட்டுப் பெறுமதியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் காலாண்டு அறிக்கையைத் திறந்து பாருங்கள். பங்குதாரரின் முதலின்மேல் வங்கி எத்தனை வீதம் உழைக்கிறது, அது திறைசேரி உண்டியல் வட்டியைத் தாண்டுகிறதா, அறவிட முடியாத கடனில் எவ்வளவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அரசுக்கு எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவருக்கு நிலையான வைப்பே போதும்.