மாஸ்லோவும் மருதமுனைத் தறியும்
தண்டனைக்கு அஞ்சியும் கூலிக்கு ஆசைப்பட்டுமே மனிதன் உழைக்கிறான் என்று கருதிய பழைய முகாமைத்துவச் சிந்தனையை, அவன் மதிக்கப்படவும் வளரவும் விரும்புபவன் என்று கண்ட மானிடவாத உளவியல் பெரிதும் மாற்றியது. ஏப்ரகாம் மாஸ்லோ 1943இல் உடல், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு எனத் தேவைகளை வரிசைப்படுத்தி, தன்னுள் உறையும் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணரும் தேவையை இறுதியில் வைத்தார். இவ்வழியில் வந்த டக்ளஸ் மக்கிரகர், தொழிலாளர் இயல்பிலேயே சோம்பேறிகள் என்னும் எடுகோளை எக்ஸ் கோட்பாடென்றும், அவர்கள் பொறுப்பை ஏற்கவும் நாடவும் வல்லவர்கள் என்னும் எடுகோளை வை கோட்பாடென்றும் 1960இல் விளக்கினார்.

ஆனால், பாடநூல்களில் இன்று காணப்படும் பிரமிட்டை மாஸ்லோ தம் கட்டுரையில் வரையவில்லை. ஒரு தேவை நூறு வீதம் நிறைவேறிய பின்னரே அடுத்தது எழும் என்பதையும் அவர் அங்கேயே மறுத்திருந்தார். இம்மறுப்பு மறக்கப்பட்டதால், வறியவருக்கு முதலில் வருமானம், மதிப்பெல்லாம் பிறகு என்னும் தவறான முடிவு எளிதில் வேரூன்றுகிறது. கல்முனையை அடுத்த மருதமுனையின் கைத்தறியைக் கவனிப்போருக்கு இம்முடிவின் பிழை விளங்கும். பாவின் நிறத்தையும் கரையின் அமைப்பையும் நெசவாளர் தாமே தீர்மானிக்கும் தறியில், கூலியும் கைத்திறனின் பெருமையும் ஒரே வேலையிலிருந்து பிறக்கின்றன. ஆகவே இத்தொழிலை மேம்படுத்த முனையும் எத்திட்டமும், நூலையும் கடனையும் வழங்குவதோடு நில்லாமல், வடிவமைப்பிலும் விலை நிர்ணயத்திலும் நெசவாளரின் முடிவுக்குத் தொடக்கத்திலேயே இடமளிக்க வேண்டும்.