கடல் தாண்டாமலேயே வெளிநாடு

ஸ்தூலாங் லாவுட் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கப் போனவரின் கைத்தொலைபேசிக்கு, சிங்கப்பூருக்கு வரவேற்றுக் குறுஞ்செய்தி வருவது ஜொகூர்பாரு மக்களுக்குப் புதிதல்ல. கடப்பிதழ் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆள் சிலிப்பரோடு நிற்பார். தொலைபேசி மட்டும் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும். உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் இதே கதையைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இடையில் மலையில்லை, கட்டடமில்லை, வெறும் தண்ணீர். தொலைபேசி முடிந்தவரை சொந்த நிறுவனத்தின் சிக்னலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளூர் சிக்னல் தேய்ந்துபோகும் ஒரு மூலையில், அல்லது கடலைப் பார்த்த உயரமான மாடியில், அது வேறு வலையைத் தேடத் தொடங்கும். மலேசிய வலைகள் 502 என்றும் சிங்கப்பூர் வலைகள் 525 என்றும் தொடங்கும் அடையாள எண்ணை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 502 சிம் அட்டை 525 வலையில் பதிவான நொடியிலிருந்து அது ரோமிங். நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கோபுரம் உங்களைப் பிடித்தது என்பதுதான் கணக்கு. ஒருமுறை அக்கரைக்குத் தாவிவிட்டால், அங்கே சிக்னல் பலமாக இருக்கும்வரை தொலைபேசி சட்டென்று திரும்பி வருவதும் இல்லை.

"டேட்டா ரோமிங்கை அடைத்துவிட்டேன், எனக்கென்ன?" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது இணையத்தை மட்டுமே அடைக்கும். குரல் அழைப்பு அப்படியே திறந்துதான் இருக்கும். உள்ளூரில் வரும் அழைப்புக்கு நாம் பணம் கட்டுவதில்லை. ரோமிங்கில் கட்டுகிறோம். உங்களை அழைப்பவர் மலேசிய எண்ணுக்குத்தான் அழைக்கிறார். அந்த அழைப்பு இங்கே வந்து, பிறகு சிங்கப்பூர் வலைக்கு அனுப்பப்படுகிறது. அந்த இரண்டாம் பாதிக்கான செலவு எடுப்பவர் தலையில். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நீங்கள் எடுக்காத அழைப்பு குரலஞ்சலுக்குத் திருப்பப்பட்டால், அது அக்கரை போய்த் திரும்பி வந்த கணக்கில் இரு வழிக்கும் கட்டணம் விழக்கூடும். எல்லையோரம் வாழ்பவர் குரலஞ்சலை அணைத்து வைப்பது உத்தமம்.

கடற்கரையில் தவறி நேரும் ரோமிங் எப்போதாவது வரும் எரிச்சல். அன்றாடம் கடந்து போகிறவர்களின் பாடு வேறு. இரு பாலங்களிலும் சேர்த்து ஒரு நாளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் நம் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்! அவர்களுக்கு நிறுவனங்கள் விற்பதோ சுற்றுப்பயணிக்காக யோசித்த நாள் பாஸ். ஒரு நாள் பாஸ் 10 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாளுக்கு 220 ரிங்கிட். இரவுச் சுற்று வேலையென்றால் இன்னும் மோசம். சில பாஸ்கள் 24 மணி நேரம் ஓடும். சில நள்ளிரவோடு முடிந்துவிடும். மாலை ஏழுக்குப் போய்க் காலை ஏழுக்குத் திரும்புகிறவர், இரண்டாவது வகையை வாங்கினால் ஒரே வேலை நாளுக்கு இரண்டு பாஸ் வாங்கியாக வேண்டும்.

ஆகவே எல்லாரும் இரண்டு சிம் வைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு சிங்கப்பூர் எண், வீட்டுக்கு மலேசிய எண். இது ஒரு தீர்வுதான், ஆனால் இலவசத் தீர்வு அல்ல. வங்கிக் கணக்கும் பள்ளிக்கூடமும் மலேசிய எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. ஆசிரியர் அழைக்கும்போது அப்பா தொழிற்சாலையில் இருக்கிறார். எடுத்தால் காசு போகும் என்று அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் வாட்ஸ்அப்பில் பார்க்கலாம் என்று விடுகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் என்பது அவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் தெரிகிறது. கட்டணம் என்று நாம் பேசுவது பில்லில் வரும் தொகையை மட்டும்தானா?

இரு அரசுகளும் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரு நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்களும் பேசி, 2011 மே மாதம் முதல் குரல் அழைப்புக் கட்டணத்தை 20 விழுக்காடு வரையும், குறுஞ்செய்திக் கட்டணத்தை 30 விழுக்காடு வரையும் குறைத்தன. 2012 மே மாதம் அது 30, 50 விழுக்காடு ஆனது. நல்ல காரியம். ஆனால் சரியாக அந்த ஆண்டுகளில்தான் மக்கள் குறுஞ்செய்தியைக் கைவிட்டு இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடி கிடைத்த பொருள் வழக்கொழிந்தது. எல்லாரும் வாங்கத் தொடங்கிய பொருள் அந்தக் குறைப்பில் சேரவில்லை.

இதை ஒரு நாடு தனியாகச் செய்யவும் முடியாது. நம் நிறுவனம் அக்கரை நிறுவனத்துக்கு ஒரு மொத்த விலை கொடுத்துத்தான் வலையைப் பயன்படுத்துகிறது. அந்த விலையைக் கட்டுப்படுத்த நம் ஆணையத்துக்கு அதிகாரமில்லை. அக்கரை ஆணையத்துக்கோ, வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகத் தன் நிறுவனங்களின் கையை முறுக்க அவசரமில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் மொத்த விலைக்கே உச்சவரம்பு போட்டதால்தான், 2017 ஜூன் 15 முதல் அங்கே உறுப்பு நாடுகளுக்குள் உள்ளூர்க் கட்டணத்திலேயே பேச முடிகிறது. அந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டும் விட்டது. அயர்லாந்து எல்லைச் சிக்கல் உள்ள பிரிட்டனில், 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் ரோமிங்கில் நுழைந்தவுடன் நிறுவனம் கட்டண விவரத்தோடு தெரிவிக்க வேண்டும்; தெரியாமல் நேரும் ரோமிங்கிலிருந்து காக்கவும் வழி செய்ய வேண்டும்.

இங்கே சந்தைப் போட்டி ஓரளவு வேலை செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதக் கட்டணத் திட்டங்கள் பலவற்றில் இப்போது சிங்கப்பூர் ரோமிங் சேர்ந்தே வருகிறது. அலுவலக வேலையில் இருக்கும் இளையோருக்குப் பிரச்சினை பாதி தீர்ந்தது. முன்கட்டண அட்டை வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் பாஸ் பாஸாக வாங்குகிறார். குறைந்த சம்பளக்காரர் அதிகம் கட்டுகிறார் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடலோரம் இருப்பவர்கள் தொலைபேசி அமைப்பில் தானியங்கி வலைத் தேர்வை அணைத்து, சொந்த நிறுவனத்தையே கையால் தேர்ந்தெடுத்து வைக்கலாம். ஆனால் நிஜமாகவே பாலம் கடக்கும் நாளில் அதைத் திரும்ப மாற்ற மறந்தால் தொலைபேசி ஊமையாகிவிடும். வரவேற்புச் செய்தி வந்துவிட்டால் விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுங்கள். பெரும்பாலும் இக்கரைக்கு வந்துவிடும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். பில்லில் தொகை வந்தால், தேதி நேரத்தோடு முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் கொண்டுபோகலாம்.

2025 ஜனவரி 7இல் ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஓடவிருக்கும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. பயணம் ஏறத்தாழ 5 நிமிடம்தான். அந்த ரயிலில் போகும் முன்கட்டண வாடிக்கையாளருக்கு ஒரு மாதாந்திர எல்லைத் திட்டம் எப்போது வரும் என்று, இரு ஆணையங்களும் அடுத்த முறை உட்காரும்போது யாராவது கேட்கட்டும்.