வழித்துணைச் சொற்கள்

வேற்றூர் செல்பவர் கட்டுச்சோறு கொண்டு செல்வது நம் நாட்டு வழக்கம். சென்று சேரும் இடத்தில் உணவு கிடைக்கும் என்று தெரிந்திருந்தாலும், முதல் வேளைப் பசிக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு கையில் இருந்தால் மனம் துணிவு கொள்ளும். உணவிற்கு ஏற்ற இம்முறை மொழிக்கும் ஏற்றதே. பிற நாடு செல்பவர் அந்நாட்டு மொழியில் பத்துப் பதினைந்து சொற்றொடர்களையேனும் கற்றுச் செல்லுதல் வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ப் புலவன் ஒருவன் இவ்வாறு கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ் கற்றதன் பயனாகவே யான் இதனைக் கூறுகின்றேன்.

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் வாழும் நமக்கு நெடும்பயணம் புதியது அன்று. நாமக்கல்லில் லாரிகளுக்குப் ‘பாடி’ கட்டும் பட்டறைகள் நிறைந்துள்ளன. அங்கிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்படும் லாரிகள் வடகோடி மாநிலங்கள் வரை சரக்கு ஏற்றிச் செல்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காக இந்தியாவின் பல மாநிலங்களுக்கும், கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் சென்றுள்ளன. இவ்வண்டிகளோடு செல்வோர் மொழி அறியாத ஊர்களில் உண்டு, உறங்கி, தொழில் முடித்துத் திரும்புகின்றனர். அவர்களுக்கு இக்கலையைக் கற்பித்த பள்ளி சாலையே ஆகும்.

என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் பின்னாளில் லாரி ஓட்டுநர் ஆனார். அவர் ஒரு முறை தம் சிறு குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். தெலுங்கு, இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளின் சொற்களைத் தமிழ் எழுத்தில் அதில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு மொழியின் தலைப்பின் கீழும் முதலில் இருந்த சொல் விலையைக் குறிப்பதும் அன்று. வழியைக் குறிப்பதும் அன்று. தெலுங்கில் ‘அன்னா’, இந்தியில் ‘பாயி’, வங்காளத்தில் ‘தாதா’ என்று, உடன்பிறந்தானை அழைக்கும் சொல்லே முதலில் இருந்தது. காரணம் கேட்டேன். “ஐயா, நள்ளிரவில் வண்டி பழுதாகி நின்றால் ஏதேனும் ஒரு கதவைத் தட்டியாக வேண்டும். அவர்கள் மொழியில் ‘அண்ணா’ என்று அழைத்தால் கதவு திறக்கும். திறந்துவிட்டால் மற்றவற்றைக் கையால் காட்டியும் சொல்லிவிடலாம்” என்றார் அவர். மொழிநூல் பல கற்றோரும் எளிதில் கூறாத உண்மை இது. முதலில் கற்க வேண்டியவை, பொருளைக் கேட்கும் சொற்கள் அல்ல. மனிதரை மதிக்கும் சொற்களே.

மாணவர்களே, உங்கள் காலத்தில் பயணம் இன்னும் விரிந்திருக்கின்றது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஸ்பானியம், பிரெஞ்சு, சீனம் ஆகிய மூன்றும் அடங்கும். ஸ்பானியம் ஸ்பெயினிலும் தென் அமெரிக்க, நடு அமெரிக்க நாடுகளிலுமாக ஏறத்தாழ 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ளது. பிரெஞ்சு நமக்கு முற்றிலும் அயலானது அன்று. 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், தெருப்பெயர்ப் பலகைகளில் அம்மொழியை இன்றும் காணலாம். தமிழர் வழிவந்தோர் வாழும் ரியூனியன் தீவிலும் மொரீசியசிலும் அது வழங்குகின்றது. சிங்கப்பூரில், சீனரின் பொதுமொழியாகிய மாண்டரின், தமிழோடும் மலாயோடும் ஆங்கிலத்தோடும் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. ஆகவே, இம்மூன்று மொழிகளையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நம் சேலத்து மாங்கனியிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘மாங்காய்’ என்றும் மலையாளத்தில் ‘மாங்ங’ என்றும் வழங்கும் சொல், போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி மேல்நாடு சென்றது. இன்று ஸ்பானியர் ‘மாங்கோ’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘மாங்க்’ என்பர். சீனர் ‘மாங்குவோ’ என்பர். நம் மண்ணின் சொல் ஒன்று நமக்கு முன்பே அந்நாடுகளுக்குச் சென்று வழக்கில் ஊன்றிவிட்டது.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு அம்மொழிகளில் சில இடங்கள் எளியவை. ‘வந்தேன்’ என்றாலே வந்தவன் யான் என்பது விகுதியால் விளங்குகின்றது அன்றோ? ஸ்பானியத்திலும் அவ்வாறே. ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’ என்பது பொருள். ‘நான்’ என்று தனியே கூற வேண்டுவதில்லை. நாம் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் வேறுபடுத்துவது போலப் பிரெஞ்சுக்காரர் ‘த்யூ’ என்றும் ‘வூ’ என்றும் வேறுபடுத்துவர். ஸ்பானியர் ‘தூ’ என்றும் ‘உஸ்தேத்’ என்றும் கூறுவர். சீனத்தில் முன்னிலைச் சொல் ‘நீ’ என்பதே; மதிப்பிற்குரியவரை ‘நின்’ என்பர். ஓசை ஒத்திருப்பது கொண்டு தமிழுக்கும் சீனத்திற்கும் உறவு கூறிவிடாதீர்கள். அது தற்செயலான ஒற்றுமை. ஆனால், நினைவில் நிறுத்த அது நல்ல துணை.

வேறு சில இடங்கள் கடினமானவை. சீனத்தில் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். ‘மாய்’ என்பதைத் தாழ்த்திப் பின் உயர்த்திச் சொன்னால் வாங்குதல். மேலிருந்து சட்டென இறக்கிச் சொன்னால் விற்றல். செவ்வாய்ப்பேட்டை வணிகர் ஒருவர் இவ்வேறுபாட்டை அறியாமல் சீனத்துக் கடைத்தெருவில் நின்றால், வாங்கச் சென்றவர் விற்க வந்தவராகிவிடுவார்! பிரெஞ்சில் மூக்கொலிகள் பல. சொல்லின் ஈற்றில் எழுதப்படும் மெய்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. இவ்வொலிகளை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக் கற்றல் முழுப்பயன் தாராது. எழுத்து நினைவூட்டும், ஒலியைச் செவிதான் கற்பிக்கும். அம்மொழியாளர் பேசுவதைப் பலமுறை கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும்.

எவற்றைக் கற்பது? முதலில் வணக்கம், நன்றி, ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்னும் மூன்று. நன்றியை ஸ்பானியர் ‘கிராசியாஸ்’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘மெர்சி’ என்றும், சீனர் ‘ஷியே ஷியே’ என்றும் கூறுவர். பிரான்சு நாட்டில் கடைக்குள் நுழைபவர் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் கூறிய பின்னரே பொருளைக் கேட்பது மரபு. கூறாமல் கேட்பது மரியாதைக் குறைவு. அடுத்து, ‘இது எங்கே?’, ‘விலை என்ன?’, ‘தண்ணீர் வேண்டும்’, ‘மருத்துவர் வேண்டும்’ என்பவை. புலால் உண்ணாதவர் அதனைச் சொல்லவும் கற்க வேண்டும். கேள்வியை மட்டும் கற்றவர், விடை வரும்போது விழிப்பர். ஆதலின், ஒன்று முதல் பத்து வரை எண்களையும், ‘மெல்லச் சொல்லுங்கள்’, ‘எழுதிக் காட்டுங்கள்’ என்பவற்றையும் உடன் கற்றல் இன்றியமையாதது.

இக்கருத்தை மறுப்போர் உளர். ஆங்கிலம் போதும் என்பர் சிலர். ஆங்கிலம் அறியாதார் உலகில் மிகப் பலர். வழியில் நமக்கு உதவ வேண்டிய கடைக்காரரும் வண்டியோட்டியும் பெரும்பாலும் அவர்களுள் அடங்குவர். சைகை போதும் என்பர் வேறு சிலர். சைகையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சீனர் கட்டைவிரலையும் சிறுவிரலையும் நீட்டிக் காட்டினால் அது ஆறு என்னும் எண். நாம் தலையை இருபுறமும் அசைத்து உடன்படுவதை அயலார் பலர் மறுப்பு என்றே கொள்வர்.

கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகின்றதே என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல கருவிதான். நீண்ட செய்தி கூற வேண்டிய இடத்தில் அதனைப் பயன்படுத்துக. ஆனால், மின்னேற்றம் தீர்ந்தால் அது ஊமை. மேலும், ஒரு முதியவரிடம் கருவியை நீட்டி நன்றி கூறச் செய்வதும், அவர் முகம் நோக்கி நாமே நன்றி கூறுவதும் ஒன்றாகுமா?

அரைகுறையாகக் கற்பது புலமைக்கு இழுக்கு என்பர் கற்றோர் சிலர். பத்துத் தொடர்களைக் கற்றவர் தம்மைப் புலவர் என்று கூறிக்கொண்டால் அன்றோ இழுக்கு? கட்டுச்சோறு முதல் நாளுக்கே உதவும். அங்கேயே தங்கி வாழ்பவர் அடுப்பு மூட்டிச் சமைத்தாக வேண்டும். அதாவது, அம்மொழியை முறையாகக் கற்றாக வேண்டும். அதற்காக முதல் நாள் சோற்றை வீசி எறிவார் உண்டோ?

இதனால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோர்க்கும் விடை கூறுவேன். பிற நிலத்துச் சொற்களுக்குத் ‘திசைச்சொல்’ என்று பெயர் தந்து இடம் வகுத்தது தொல்காப்பியம். பல மொழி பேசும் மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பிரெஞ்சுக்காரரோடு பழகிய வாழ்வு அவர் தமிழை அழிக்கவில்லை. ஆயினும் ஒன்று கூறுவேன். பாரிசு நகரத்துக் கடைக்காரரிடம் ‘மெர்சி’ என்பது பண்பு. பாட்டியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு ‘மெர்சி’ என்பது பகட்டு. எவரிடம் பேசுகின்றோமோ அவர் மொழியில் பேசுவதே முறை.

அயலார் நம் மொழியைக் கற்றபோது நாம் அடைந்த மகிழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவ போதகர், தமிழைக் கற்று உரைநடை நூல்கள் இயற்றினார். அவர் 1623-ஆம் ஆண்டில் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர், 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியை முடித்துத் தந்தார். இவர்களும் முதல் நாளில் ஒரு சொல்லைத் தடுமாறிச் சொல்லியே தொடங்கியிருப்பர். தொடக்கத்தில் தடுமாறாத நா இல்லை.

இன்று நம் ஊர்க் கோழிப்பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். கடையில் அவர்கள் ‘அண்ணா, தண்ணி’ என்று தட்டுத்தடுமாறிக் கேட்கின்றனர். அதனைக் கேட்டு நகைப்போரையும் காண்கின்றோம். அத்தொழிலாளர், நாம் பிற நாடு செல்லும்போது செய்ய வேண்டியதையே இங்குச் செய்கின்றனர். கற்றுக்கொண்ட இரண்டு சொற்களுள் ஒன்றை நம்மை மதிப்பதற்கு அவர்கள் செலவிடுகின்றனர். நகைத்தல் தமிழர் பண்பாகாது. சொல்லைத் திருத்திக் கொடுத்து, தண்ணீரையும் கொடுப்பதே பண்பு.

ஆகவே, மாணவர்களே, வானூர்தி ஏறும் நாள் வரை காத்திராதீர்கள். சேலத்துத் தெருக்களில் சௌராட்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டோர் பலர் வாழ்கின்றனர். உங்கள் வகுப்பிலேயே அவர்களின் பிள்ளைகள் இருப்பர். அம்மாணவரின் தாய்மொழியில் ‘நன்றி’ என்பதை எவ்வாறு சொல்வது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் இல்லத்திற்குச் செல்லும் நாளில் அச்சொல்லை அவர் அன்னையிடம் கூறுங்கள். அந்த அன்னையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, இப்பாடத்தில் யான் கூறியவற்றை எல்லாம் உங்களுக்கு விளக்கிவிடும்.