டாக்டர்கள் போய்விடுவார்களா?

வைத்திய ஏற்பாட்டைச் சர்க்கார் திருத்தப் போகிறது என்ற பேச்சு எந்த நாட்டிலே எழுந்தாலும், அதன் நிழல்போல இன்னொரு பேச்சும் எழுவதுண்டு. “இது சட்டமானால் நாங்கள் தொழிலையே விட்டுவிடுவோம்” என்று டாக்டர்கள் சொல்வதுதான் அது. இதை நம்பலாமா, கூடாதா? நம் சங்கத்தில் மருத்துவம் பயிலும் அன்பர்களும் இருக்கின்றனர். கட்டுரையை இறுதிவரை படித்த பிறகு அவர்கள் என்மீது கோபம் கொள்ளட்டும்.

அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு, ஒபாமாவின் சீர்திருத்தம் விவாதத்தில் இருந்த சமயம், ‘இன்வெஸ்டர்ஸ் பிஸினஸ் டெய்லி’ என்ற பத்திரிகை டாக்டர்களிடம் கருத்துக் கேட்டது. சட்டம் நிறைவேறினால் தொழிலை விடுவதைப் பற்றியோ, முன்கூட்டியே ஓய்வு பெறுவதைப் பற்றியோ யோசிப்போம் என்று நூற்றுக்கு 45 பேர் விடை சொன்னார்கள். 2010 மார்ச்சில் சட்டம் வந்தது. 45 பேர் போனார்களா? போகவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டு டாக்டர்களின் தொகை பெருகவே செய்தது. ஆய்வுக்கூடத்தில் நாள் கழிக்கும் எனக்கு இது வியப்பாக இல்லை. அடுப்பருகே வெப்பமானியை வைத்து, ஊரின் வெப்பம் இவ்வளவு என்று குறித்தால் ஆசிரியர் நோட்டை வீசி எறிவார். கோபத்தில் இருப்பவரிடம் “யோசிப்பீர்களா?” என்று கேட்டால் கோபத்தின் அளவு தெரியுமேயன்றி, அவர் செய்யப் போவது தெரியாது.

தொழிலை விடுவதென்றால் எங்கே போவது? எம்.எஸ்ஸி. முடித்த நாங்கள் பாங்குப் பரீட்சை எழுதலாம், பள்ளிக்கூட வாத்தியாராகலாம், எழுதாதவர், ஆகாதவர் எத்தனை பேர்? ஆனால் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன் மேல் மூன்று ஆண்டு மேற்படிப்பு என்று இளமையைச் செலவிட்டவர், நாற்பது வயதில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேறு எந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவார்?

அச்சுறுத்தலை உண்மையாகவே நடத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. கானடாவிலே சஸ்காட்செவன் என்ற கோதுமை நாடு. அங்கே 1944 முதல் முதல்வராக இருந்தவர் டாமி டக்ளஸ். சிறுவயதில் அவருக்குக் காலில் எலும்பு நோய். குடும்பத்தில் பணமில்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்த இந்தக் கால் பயன்படும் என்று ஓர் அறுவை நிபுணர் இலவசமாகச் சிகிச்சை செய்ததால் கால் தப்பியது. கால் பிழைத்தது தகுதியாலன்று, தற்செயலால் என்பதை அவர் மறக்கவில்லை. 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பொதுக் காப்பீடு கொண்டுவந்தார். டாக்டர் கட்டணத்துக்கும் அது வேண்டும் என்று சொல்லி 1960 தேர்தலில் வென்றார். 1961-ல் சட்டம் நிறைவேறியது. அவர் மத்திய அரசியலுக்குச் சென்றுவிட, பாரம் உட்ரோ லாயிட் தோளில் விழுந்தது.

1962 ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அன்றே பத்து டாக்டர்களில் ஒன்பது பேர் கதவைச் சாத்தினார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் அவசர சிகிச்சை. முதல் நாளே, பெற்றோர் டாக்டரைத் தேடிக் காரில் அலைகையில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று இறந்தது. டாக்டர் கிடைத்திருந்தாலும் அது பிழைத்திராது என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பெற்றோரிடம் அதை யார் போய்ச் சொல்வது? ‘எங்கள் டாக்டர்களை வைத்துக்கொள்வோம்’ என்று கிளம்பிய இயக்கம் ரெஜைனா நகரில் கூட்டிய பேரணிக்குப் பல்லாயிரக்கணக்கானோரை எதிர்பார்த்தது. வந்தவர் சில ஆயிரமே. சர்க்கார் பிரிட்டனிலிருந்து டாக்டர்களை விமானத்தில் வரவழைத்தது. சமரசம் பேச டெய்லர் பிரபு வந்தார். அவரும் ஒரு டாக்டர்தான். 23-ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் நம் நாட்டில் யாரும் சொல்வதில்லை. சில டாக்டர்கள் மாகாணத்தை விட்டுப் போனார்கள்; உண்மை. பெரும்பாலோர் தங்கினார்கள். நோயாளியிடம் வசூலாகாமல் நின்றுபோகும் பில்கள் இனி வசூலாயின. 1964-ல் எதிர்க்கட்சியார் பதவிக்கு வந்தும் திட்டத்தை ரத்து செய்யவில்லை. 1966-ல் கானடா முழுமைக்குமே அத்தகைய சட்டம் வந்தது.

பிரிட்டனில் 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பத்து டாக்டர்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் புதிய ஏற்பாட்டை எதிர்த்தனர். மந்திரி பெவன் சில சலுகைகள் தந்தார். ஜூலை 5-ஆம் தேதி பெரும்பாலோர் உள்ளே வந்துவிட்டனர். பின்னாளில் அங்கிருந்து டாக்டர்கள் கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். காலியான இடங்களை நிரப்பியவர்களில் நம் நாட்டு டாக்டர்கள் கணிசமானவர்கள். அப்படிப் போனவர்களும் தொழிலை விடவில்லை, ஊரைத்தான் விட்டார்கள். இந்த வேறுபாட்டை மருத்துவ நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

ஏனெனில் நம் தேசத்தில் நிகழும் பிரிவும் அத்தகையதே. சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாருக்கு, கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு, பட்டணத்திலிருந்து கடல் கடந்து. இதற்குக் கொடி பிடிப்பதில்லை, முழக்கம் இல்லை. ஒருவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போவார். மறுவாரம் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாற்காலி மட்டும் இருக்கும். சட்டம் போட்டு இதை உண்டாக்கவும் வேண்டாம். சொன்ன பணத்தைச் சொன்ன காலத்தில் கொடுக்காமலிருந்தால் போதும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி வரவில்லை என்று கூறி, அரியானாவின் தனியார் ஆஸ்பத்திரிகள் 2025 ஆகஸ்டில் அத்திட்டத்தின் சிகிச்சையை நிறுத்துவதாக அறிவித்தன. அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழைக்கு வைத்தியம் செய்த கடன் டாக்டரின் தலையில் ஏறுவது எந்த ஊர் தர்மம்?

ராஜஸ்தானத்தில் 2023 மார்ச் 21-ல் நிறைவேறிய சுகாதார உரிமைச் சட்டத்தின் கதையும் இதுவே. அவசர நிலையில் வருகிறவரிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். அவரால் கொடுக்க இயலாவிட்டால் சர்க்கார் ஈடு செய்யும் என்றது சட்டம். தனியார் டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். எது அவசரம், எவ்வளவு ஈடு, எப்போது என்பது தெளிவாக இல்லை என்றார்கள். நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை எழுதியிருந்தால் போராட்டத்தின் பாதி பலம் போயிருக்கும்.

ஆனால் ஏப்ரல் 4-ஆம் தேதி எழுதப்பட்டது வேறு. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் பல்துறை ஆஸ்பத்திரிகளும், சர்க்காரிடம் சலுகை விலையில் நிலமோ கட்டடமோ பெறாத தனியார் ஆஸ்பத்திரிகளும் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. சஸ்காட்செவனில் விட்டுக்கொடுத்தது டாக்டருக்குப் பணம் எந்த வழியாகச் சேர்வது என்பதை. நோயாளியின் உரிமை அப்படியே நின்றது. ராஜஸ்தானத்தில் விட்டுக்கொடுத்தது நோயாளி தட்டக்கூடிய கதவுகளை. டாக்டர்கள் போய்விடுவார்கள் என்ற பயத்தில் சர்க்கார் இந்த விலையைக் கொடுத்தது. போயிருக்கமாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன். சிற்றூர் நெடுஞ்சாலையில் இரவு லாரி மோதிக் கிடப்பவருக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பெரும்பாலும் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றுதான். அந்த வாசலில் முதலில் கேட்கப்படுவது பணமா, நாடித் துடிப்பா என்பதை அங்கே வேலை பார்க்கும் டாக்டரின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார்கள்.