ஒரு அண்ணாட கணக்கில் எங்கட வேலை

போன மாதம் உறுப்பினர் பட்டியல் தவறுதலாக அழிந்துபோனது. ஆரும் பதறவில்லை. ஒவ்வொரு இரவும் பேக்கப் ஓடுது எண்டுதானே நினைச்சிருந்தோம். எஸ்எஸ்எச் வழியாக சேர்வருக்குள் போய்ப் பார்த்தால், கடைசிப் பிரதி 3 மாதம் பழசு.

அந்த வேலை ஒரு அண்ணாவின் சொந்தக் கிரொன்டாப்பில் இருந்தது. அவர் விலகியதும் கணக்கை மூடினது நாங்கள்தான். பேக்கப்பும் அதோட போச்சு. ஓடிப் பிழைத்தால் கிரொன் மெயில் போடும். ஓடவே இல்லை என்றால் ஒரு சத்தமும் வராது. அந்த அமைதியை எல்லாம் ஒழுங்காக நடக்குது எண்டு எடுத்துக்கொண்டோம்.

அண்ணாவில் பிழை இல்லை. வருசக்கணக்கா ஒரு நன்றிகூடக் கேளாமல் செய்தவர். கூட்டத்துக்கு ஆர் தலைமை என்பதற்கே சுற்றுமுறை வைத்திருக்கிற நாங்கள், சேர்வரை மட்டும் ஏன் ஒராளின் தலையில் கட்டினோம்? கட்டமைப்பே இல்லாத குழுவிலும் அதிகாரம் ஒளிந்திருக்கும் என்று ஜோ ஃப்ரீமன் 1970களிலேயே பெண்ணிய இயக்கத்துக்குள் இருந்து எழுதினார். எங்களிட்ட ஒளிந்திருந்தது உழைப்பும்தான்.

எல்லா வேலைகளையும் பொதுக் கணக்குக்கு மாற்றி, கோப்புகளைக் கிட்டில் வைப்போம். நேரம் யூடிசியில் இருக்கட்டும். மணிக்கூட்டை மாத்துற இரவில் உள்ளூர் நேர வேலை தவறலாம், இரண்டு தரமும் ஓடலாம். பேக்கப் முடிந்ததும் குழு மெயிலுக்கு ஒரு வரி வரட்டும், வராத நாளில் தேடுவோம். மாதம் ஒருக்கா இரண்டு பேர் பிரதியை உண்மையாகவே மீட்டுப் பார்க்கவேணும்.

முதல் மாதத்துக்கு நான் ஒராள். மற்ற ஆளுக்கு கிரொன் தெரியாட்டிலும் பரவாயில்லை, ஒரு பின்னேரத்தில் சொல்லித் தாறன்.