உறக்கத்திற்கு ஓர் ஓசைத் திரை



நள்ளிரவில் தெருநாய் ஒன்று குரைக்கிறது. ஓசையே இல்லாத அறையில் உறங்குபவர் திடுக்கிட்டு எழுகிறார். மின்விசிறி இரையும் அறையில் உறங்குபவரோ புரண்டு படுத்து உறக்கத்தைத் தொடர்கிறார். இதன் காரணம் என்ன? உறக்கத்தைக் கலைப்பது ஒலியின் அளவு மட்டுமன்று. அமைதியினின்று அது திடீரென வேறுபடுவதுமாகும். சீரான இரைச்சல் அவ்வேறுபாட்டைத் திரைபோல் மறைத்துவிடுகிறது.

இத்திரை பலவகைப்படும். எல்லா அதிர்வெண்களும் சம வலிமையுடன் கலந்தது ‘வெள்ளை இரைச்சல்’. நிலையம் கிடைக்காத வானொலியின் ‘உஸ்’ என்னும் ஒலி இதற்கு நெருங்கியது. கீச்சொலிகள் தணிந்து, மழைபோல் கேட்பது ‘இளஞ்சிவப்பு இரைச்சல்’. அதனினும் தாழ்ந்து, தொலைவுக் கடல்போல் முழங்குவது ‘பிரௌன் இரைச்சல்’. இது நிறத்தால் வந்த பெயரன்று. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயா அசைவை 1827இல் ஆராய்ந்த ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞரின் பெயராகும். இவற்றுள் எது உங்கள் காதுக்கு இதமோ, அதுவே உங்களுக்கு ஏற்றது.

பச்சிளங் குழந்தைகளுக்கும் இது பயன்படுகிறது. 1990இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், வெள்ளை இரைச்சலைக் கேட்ட 20 சிசுக்களுள் 16 சிசுக்கள் 5 நிமிடங்களுக்குள் உறங்கின. கேளாத 20 சிசுக்களுள் அவ்வாறு உறங்கியவை 5 மட்டுமே.

ஆயினும் தாய்மார்களே, இங்கேதான் எச்சரிக்கை தேவை! 2014இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், குழந்தைகளின் உறக்கத்திற்கென விற்கப்பட்ட 14 ஒலிக்கருவிகளைச் சோதித்தனர். முழு அளவில் வைத்தபோது அவற்றுள் 3 கருவிகளின் ஒலி, 30 செ.மீ. தொலைவில் 85 டெசிபலைக் கடந்தது. வேலைத்தலங்களில் பெரியவர்கள் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்று அமெரிக்க வல்லுநர்கள் வரையறுத்துள்ள அளவு அது. அதனை விடியும்வரை பிஞ்சுச் செவி தாங்குமா?

இன்று கைப்பேசியிலேயே இவ்வொலிகள் கிடைக்கின்றன. அதனைத் தலையணையருகே வைக்காதீர்கள். தொட்டிலினின்று 2 மீட்டருக்கேனும் அப்பால், மெல்லிய ஒலியில் வையுங்கள். பிள்ளை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

பிள்ளை வீறிட்டு அழும்போது ஒலியைக் கூட்டி அழுகையை அடக்க முயலாதீர்கள். பசியா, ஈரத்துணியா, காய்ச்சலா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். தெருவின் சந்தடியை மறைக்கவே அத்திரை. பிள்ளையின் அழுகையைத் தாயிடமிருந்து மறைப்பதற்கன்று.