போர்ட்டிக்சனில் 3 கிலோவாட்: இதனால் என்ன பயன்?

போர்ட்டிக்சன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளி விடுமுறையும் கடற்குளியலும்தான். அதே கரையில், மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், கடல் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்துள்ளது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகமும் இதில் கைகோத்துள்ளன. ஜப்பானிய அரசின் நிதியுதவியும் உண்டு. அதன் திறன் வெறும் 3 கிலோவாட். ஒரு வீட்டின் இரண்டு மூன்று குளிர்சாதனங்களுக்கே அது சரியாகப் போய்விடும். பிறகு எதற்கு இந்த முயற்சி?

கொள்கை எளிது. வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ். 1,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 5 பாகை. இந்த வேறுபாடுதான் எரிபொருள். போர்ட்டிக்சனில் சோதிக்கப்படும் கலப்பு முறையில், மேல்நீர் வெற்றிடத்தில் ஆவியாகிறது. அந்த நீராவி, எளிதில் கொதிக்கும் வேறொரு திரவத்தைச் சூடாக்குகிறது. அத்திரவத்தின் ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. வெப்பத்தை இழந்த நீராவியோ நன்னீராகிறது. மின்சாரமும் குடிநீரும் ஒருசேரக் கிடைக்கும். சூரியத் தகடுபோல் இரவில் ஓய்ந்துவிடாது.

சிக்கல் என்னவென்றால், மலாக்கா நீரிணை ஆழமற்றது. நமக்குத் தேவையான ஆழம் சபாவின் வடமேற்குக் கடலில்தான் இருக்கிறது. மின்தடையாலும் நீர்த் தட்டுப்பாட்டாலும் அவதிப்படும் மாநிலமும் அதுவே. ஆக, போர்ட்டிக்சன் நாற்றங்கால், வயல் சபா.

அவசரப்படுவோருக்கு ஹவாய் ஒரு பாடம். அங்கே கியாஹோலே முனையில் 1974இல் மாநில அரசு ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1979இல் அக்கடலில் மிதந்த சோதனை நிலையம் சுமார் 50 கிலோவாட் உற்பத்தி செய்தது. அதில் பெரும்பகுதியை நீர் இறைக்கும் பம்புகளே விழுங்கின. ஏறக்குறைய 100 கிலோவாட் ஆலை ஒன்று மின்கட்டமைப்பில் இணைந்தது 2015இல்தான். ஆனாலும் கூடம் மூடப்படவில்லை. ஆழ்கடலின் குளிர்நீர் கட்டடங்களைக் குளிரூட்டவும் மீன், சிப்பி, பாசி வளர்க்கவும் பயன்பட்டது. அந்த வருமானமும் பொறுமையும்தான் ஆய்வைக் காப்பாற்றின.

எனவே, எத்தனை கிலோவாட் என்பதை மட்டும் நாம் கேட்கக்கூடாது. வெளிநாட்டு நிதி முடிந்தபின் செலவை யார் ஏற்பார்? சபா மாணவர்கள் எத்தனை பேர் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால், அந்த 3 கிலோவாட் சிறிய எண் அல்ல. பதில் இல்லையென்றால், நாளை அது கடற்கரையில் துருப்பிடித்த இன்னோர் இரும்பாகத்தான் நிற்கும்.